ஜப்பானியப் பாடகரின் ஆசியச் சுற்றுப்பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

2022இல் தாய்லாந்து இளைஞர்கள் டிக்டாக்கில் ஒரு ஜப்பானியப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியப் பாடகர் ஃபுஜி கஸே 2020இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இருந்த ‘ஷினுனோகா ஈ வா’ அது. பாங்காக்கில் பற்றியது ஆசியா முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் ஆசிய நகரங்களுக்கு வந்தார். 2024 கடைசியில் முழு இசைக்குழுவோடு பெரிய உள்ளரங்குகளில் பாடினார். அந்த டிசம்பர் 14 அன்று தென் கொரியத் தலைநகர் சோலின் கோச்சோக் ஸ்கை டோமில் பாடியபோது, ஒரு ஜப்பானியப் பாடகருக்கு ஜப்பானுக்கு வெளியே எவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது என்பது கண்கூடாகத் தெரிந்தது.

அடோ, யோவாசோபி, ஹமசாகி அயுமி என்று இப்படி ஆசியச் சுற்றுப்பயணம் வரும் ஜப்பானியக் கலைஞர்களின் வரிசை நீளமானது. ஆனாலும் நம் ஆட்கள் பலர் “அதெல்லாம் நமக்கு எங்கே” என்று யூடியூபோடு நின்றுவிடுகிறார்கள். வரிசைப்படி செய்தால் இது முடிகிற காரியம்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: டிக்கெட்டுக்கு ஓடும் முன்பே ஊரைத் தீர்மானித்துவிடுங்கள். அதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

படி 1: அறிவிப்பை எங்கே பார்ப்பது

பாடகரின் அதிகாரப்பூர்வ இணையதளம், எக்ஸ், இன்ஸ்டாகிராம் கணக்குகள் மூன்றையும் பின்தொடருங்கள். பொதுவாக முதலில் ஊர்ப் பெயர்களும் தேதிகளும் மட்டுமே வரும். டிக்கெட் விலை, இருக்கை வரைபடம், விற்பனை நேரம் ஆகியவற்றை அந்தந்த ஊரில் நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனம் பிறகு வெளியிடும். அறிவிப்புப் படத்தின் அடியில் அந்த நிறுவனத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து அவர்களையும் பின்தொடருங்கள். முன்விற்பனை பற்றிய செய்தி பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும்.

படி 2: எந்த ஊர்

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் வாசகர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டியது இதுதான்.

முதலில் விசா. 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா விசா விலக்கு அளித்து வருகிறது. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். ஹாங்காங்குக்கு இணையத்தில் பயணத்துக்கு முந்தைய பதிவு உண்டு. கொரியாவுக்கான விசாவுக்கு ஆவணங்களும் அவகாசமும் அதிகம் வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் பணம் கட்டுவதற்கு முன்பு அந்த நாட்டின் குடிவரவுத் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அரங்கம் ஊரில் எங்கே இருக்கிறது என்பது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியத்துக்கு மெட்ரோவின் சர்க்கிள் லைனில் ‘ஸ்டேடியம்’ நிலையத்தில் இறங்கினால் போதும். கோலாலம்பூரில் அக்ஸியாட்டா அரீனா என்ற பெயரில் அறியப்பட்ட அரங்குக்கு புக்கிட் ஜாலில் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையம் பக்கம். தைப்பே அரீனாவுக்கு அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஹாங்காங்கின் ஏஷியாவேர்ல்ட் எக்ஸ்போ விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால், நகருக்குள் விடுதி எடுத்தால் நிகழ்ச்சி நாளில் நீண்ட ரயில் பயணம் காத்திருக்கும். பாங்காக்கின் இம்பாக்ட் அரீனா உண்மையில் நொந்தபுரியில், நகருக்கு வடக்கே இருக்கிறது. 2025இல் பிங்க் லைன் மோனோரயிலின் கிளை அங்கே திறக்கப்பட்ட பிறகு போக்குவரத்து எளிதாகிவிட்டது. அதற்கு முன்பு நெரிசலில் மாட்டி முதல் இரண்டு பாட்டைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

முதல் தடவை போகிறவருக்கு என் யோசனை கோலாலம்பூர். விசா சிரமம் குறைவு, அரங்கு வாசலுக்கே ரயில், செலவும் சிங்கப்பூரைவிடக் குறைவு. தமிழில் வழி கேட்கவும் ஆள் கிடைக்கும்.

படி 3: டிக்கெட்

ஒவ்வொரு நாட்டிலும் விற்கும் தளம் வேறு. பாங்காக்கில் தாய் டிக்கெட் மேஜர், தைப்பேயில் கேகேடிக்ஸ் அல்லது டிக்ஸ்கிராஃப்ட், ஹாங்காங்கில் சிட்டிலைன், சிங்கப்பூரில் டிக்கெட்மாஸ்டர் அல்லது சிஸ்டிக் என்று போகும். எந்தத் தளம் என்று தெரிந்த அன்றே கணக்கைத் தொடங்கி, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுத்து, தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். வெளிநாட்டு எண்ணை அந்தத் தளம் ஏற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள். இந்திய அட்டைகளில் இது பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் நாமேதான் திறக்க வேண்டும். வரம்புத் தொகையையும் பாருங்கள். வரிசையில் இடம் கிடைத்து, இருக்கையும் கைக்கு வந்து, பணம் கட்டும் இடத்தில் அட்டை மறுக்கப்பட்டால் அந்த இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

விற்பனை நேரம் எப்போதும் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் நேரப்படி இருக்கும். கோலாலம்பூரில் நண்பகல் 12 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 9.30. சோலில் நண்பகல் என்றால் நமக்குக் காலை 8.30. பாங்காக்கில் காலை 10 மணி என்றாலும் நமக்கு அதே 8.30தான்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: அரை மணி நேரம் முன்பே உள்நுழைந்து காத்திருப்புப் பக்கத்தில் நில்லுங்கள். பல தளங்கள் விற்பனை தொடங்கும் கணத்தில், அங்கே இருப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் வரிசை எண் தரும். எண் வந்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், இடம் போய்விடலாம். எந்த விலைப் பிரிவு, அது இல்லாவிட்டால் எது என்று முன்பே முடிவு செய்து தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடமா, மேடைக்கு முன் நிற்கும் பகுதியா என்பதும் அதில் அடக்கம். நிற்கும் பகுதி என்றால் நுழையும் நேரத்தையும் சேர்த்து நான்கைந்து மணி நேரம் காலில் நிற்க வேண்டியிருக்கும். உயரம் குறைந்தவர்களுக்குப் பக்கவாட்டின் கீழ் அடுக்கு இருக்கைதான் என் பரிந்துரை. மேடை முழுதாகத் தெரியும்.

கிடைக்கவில்லை என்றால் மறுவிற்பனைக்காரரிடம் போகாதீர்கள். பெயர் பொருந்தாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு. பல ஊர்களில் மேடை அமைப்பு முடிவான பிறகு கூடுதல் இருக்கைகளைத் திறப்பார்கள். அதற்காகக் காத்திருப்பது நல்லது.

ஜப்பானிலேயே பார்க்க விரும்பினால் முறை முற்றிலும் வேறு. அங்கே பெரும்பாலும் குலுக்கல்தான்: விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், இருக்கையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. 2019 ஜூன் முதல், அனுமதியின்றி டிக்கெட்டை லாபத்துக்கு மறுவிற்பனை செய்வது அங்கே சட்டப்படி குற்றம்.

படி 4: பயணமும் ரத்தாகும் ஆபத்தும்

டிக்கெட் உறுதியான பிறகே விமானம். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் செய்தால் போதும்.

விடுதியை மட்டும் கட்டாயம் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025 நவம்பர் 29 அன்று ஷாங்காயில் ஹமசாகி அயுமியின் ஆசியச் சுற்றுப்பயண நிகழ்ச்சி நடக்கவிருந்தது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் அரசியல் உறவு கசந்திருந்த நேரம். ஜப்பானியரும் சீனருமாக ஏறக்குறைய 200 பேர் ஐந்து நாள் உழைத்து மேடையைக் கட்டியிருந்தார்கள். முந்தைய நாள் ரத்து அறிவிப்பு வந்தது. அயுமி அந்த 14,000 காலி இருக்கைகளுக்கு முன்னால் முழு நிகழ்ச்சியையும் நடத்தி முடித்தார். மேடையைக் கட்டியவர்களுக்கும் வர முடியாமல் போனவர்களுக்கும் ஒரு கலைஞர் இதைவிடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது. ரத்தானால் டிக்கெட் பணம் வழக்கமாகத் திரும்பி வரும். விமானத்துக்கும் விடுதிக்கும் கட்டியதற்கு நாம்தான் பொறுப்பு.

படி 5: கேட்டுவிட்டுப் போங்கள்

ஒரு மாதம் முன்பிருந்து கேட்கத் தொடங்கலாம். சுற்றுப்பயணத்தின் முதல் ஊரில் பாடிய பாட்டு வரிசை அன்றிரவே இணையத்துக்கு வந்துவிடும். அதை வைத்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் பல்லவியை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள். குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் உச்சரிப்பு சீக்கிரம் நாக்கில் உட்காரும்.

ஃபுஜி கஸேயைக் கேட்பவர்களுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களின் தலைப்புகளான ‘ஹெல்ப் எவர் ஹர்ட் நெவர்’, ‘லவ் ஆல் சர்வ் ஆல்’ இரண்டும் புட்டபர்த்தி சத்ய சாய் பாபாவின் பொன்மொழிகள். தென்னிந்தியாவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் அதே வாசகங்கள். ஒகயாமா மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், பெற்றோரின் காபிக் கடையில் வளர்ந்த ஒருவர் அவற்றைத் தன் ஆல்பங்களுக்குச் சூட்டியிருக்கிறார் என்று தெரிந்தபின் கேட்டால், அவர் குரலில் உள்ள சாந்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.

படி 6: நிகழ்ச்சி நாள்

நினைவுப் பொருள் விற்பனை மதியமே தொடங்கிவிடும். டி-ஷர்ட்டில் நடுத்தர அளவுகள்தான் முதலில் தீரும். வேண்டுமென்றால் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். பெரிய பை, தொழில்முறை கேமரா, வெளியிலிருந்து உணவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை.

ஒளிப்பதிவு விதி பாடகருக்குப் பாடகர் மாறும். அடோ முகம் காட்டாமல் பாடுகிறவர். மேடையில் ஒளியூட்டிய ஒரு பெட்டிக்குள் நிழலுருவமாக மட்டுமே தெரிவார். அவர் நிகழ்ச்சியில் போனை வெளியே எடுக்கவே கூடாது. படம் எடுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். அந்தத் தடை எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திரையைப் பார்க்காமல் ஒரே நிழலைப் பார்த்துக்கொண்டு, ரசிகர்கள் கையில் பிடிக்கும் பென்லைட் என்ற விளக்குக் குச்சிகளின் நீல வெளிச்சத்தில் அந்தக் குரலைக் கேட்கும்போது கிடைக்கும் கவனம் வேறெங்கும் கிடைக்காது. பென்லைட் வாங்கினால் மார்பு உயரத்தில் பிடியுங்கள். பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரிய வேண்டும்.

மெதுவான பாட்டில் ஜப்பானிய ரசிகர்கள் அசையாமல் கேட்பார்கள். தென்கிழக்கு ஆசியாவில் அரங்கமே சேர்ந்து பாடும். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்களோ அதைப் பின்பற்றுங்கள்.

விளக்கு அணைந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஜப்பானியக் கச்சேரிகளில் கூட்டம் கைதட்டிக் கூப்பிட்டதும் மீண்டும் வந்து இரண்டு மூன்று பாட்டுகள் பாடுவது வழக்கம். அதுவும் முடிந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கு ஓடுவார்கள். திரும்புவதற்கான பயணச்சீட்டை மதியமே வாங்கி வைத்து, அல்லது ரயில் அட்டையில் பணம் போட்டு வைத்து, கடைசி ரயில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதி முகவரியை அந்த ஊர் மொழியில் எழுதி வைத்திருந்தால் ரயில் போய்விட்டாலும் டாக்ஸிக்காரரிடம் காட்டலாம்.