500 யூனிட்டை தாண்டாம கரண்ட் பில்லை குறைச்ச கதை

நாங்க இருக்கிறது கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு பக்கம், மேல் மாடி வாடகை வீடு, வெயில் காலத்துல சுவரே கொதிக்கும். 2023 கோடைல ரெண்டு மாசத்துக்கு 530 யூனிட், பில் 2190 ரூபா வந்துச்சு. நம்ம ஊர்ல போனுக்கு மாதிரி கரண்டுக்கு பிளான் மாத்துறதுன்னு எதுவும் இல்லையே, எந்த ஸ்லாப்ல, அதாவது எத்தனை யூனிட்டுக்கு எந்த ரேட்ல விழுறோம்ங்கிறதுதான் பிளான், அதனால நானே பேப்பர்ல போட்டு பார்த்தேன்.

அப்ப இருந்த ரேட்ல 500 யூனிட்டோட நின்னிருந்தா 1725 ரூபாதான். 500ஐ தாண்டினா 101ல இருந்து 200 வரைக்கும் 2.25 ரூபாக்கு கிடைச்ச யூனிட்டும் 4.50 ஆயிடுது, தாண்டின ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபா, ஆக வெறும் 30 யூனிட்டுக்கு 465 ரூபா கூட கட்டியிருக்கேன்! மனசு ஆறவே இல்ல.

சோலார் யோசிச்சேன், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மத்திய அரசு மானியம் இருக்கு, ஆனா மாடி நம்முது இல்லையே. அதனால 75 வாட் பழைய ஃபேன் நாலையும் கழட்டிட்டு கம்மி கரண்ட்ல ஓடுற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல கிட்டத்தட்ட 130 யூனிட் மிச்சம், அம்மா ரூம்ல ராத்திரி முழுக்க ஓடுது, அதுல கை வைக்கவே மாட்டேன். ஏசி 26ல. ஞாயித்துக்கிழமை காலைல மீட்டரை போட்டோ எடுத்து வாரம் 57 யூனிட் தாண்டுதான்னு பார்ப்பேன்.

2024 கோடைல அதே ரெண்டு மாசம் 420 யூனிட், 1245 ரூபா. ஜூலைல ரேட் ஏறிடுச்சு, போட்டோ எடுக்கிறத இன்னும் விடல.