ஆன்லைனில் விற்கப் புதுப் பொருள் தேடுகிறீர்களா?
எல்லாரும் விற்கும் செல்போன் கவர் எதற்கு? மதுரையைச் சுற்றியே அருமையான சரக்கு இருக்கிறது. விளாச்சேரி மண் பொம்மை, புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலை. முதலில் நாலைந்து மட்டும் வாங்குங்கள்.

சேலை ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் லேசாக ஒட்டினால் ‘தனியாகத் துவைக்கவும்’ என்று விவரத்தில் எழுதுங்கள். அப்பிக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

பொம்மைக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக பபிள் ராப் சுற்றி, பெட்டியைக் குலுக்கினால் அசையாதபடி காகிதம் திணித்து, வெளியூர்ச் சொந்தக்காரருக்கு பார்சல் அனுப்பிப் பாருங்கள். மூக்கும் விரலும் உடையாமல் போய்ச் சேர்ந்த பிறகே படம் போடுங்கள். அப்புறம், பேக்கிங், கூரியர் செலவையும் சேர்த்தே விலை வையுங்கள். கொலு பொம்மை விற்பனையை ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள். நவராத்திரிக்குள் பார்சல் போய்ச் சேர வேண்டுமே.