பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி?

மதிப்பெண் குறைந்ததற்காகப் பத்து வயது மகளைச் சொந்தக்காரர்கள் முன்னால் "மக்கு" என்று திட்டிவிட்டீர்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி என்ன செய்வது?

முதலில் உங்கள் கோபம் அடங்கட்டும். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆனால் நாள்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை ஒன்றில், கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தார். குழந்தை சிரித்தும் கைநீட்டியும் அம்மாவை இழுக்கப் பார்த்தது. பலிக்காதபோது கலங்கி அழுதது. பத்து வயதில் பிள்ளைகள் கைநீட்டுவதில்லை. அதனால் நாம்தான் போக வேண்டும்.

அடுத்து, நின்றுகொண்டு பேசாதீர்கள். அவள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.

இப்போது சொல்ல வேண்டியது. இதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். செய்ததை மழுப்பாமல் சொல்லுங்கள்: "மாமா, அத்தை முன்னாடி உன்னை மக்குன்னு சொன்னேன். அது தப்பு. உனக்கு அவமானமா இருந்திருக்கும். அப்பாவை மன்னிச்சிடும்மா." அவ்வளவுதான், நிறுத்துங்கள். "ஆனா நீயும் ஒழுங்கா படிச்சிருக்கணும்" என்று ஒட்டினால் அது மறுபடியும் திட்டுதான். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்பதும் வேண்டாம். மதிப்பெண் பேச்சு இன்னொரு நாளைக்கு.

"சாப்பிட வா தங்கம்" என்று கூப்பிடுவதும், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதும் நம் வீடுகளில் மன்னிப்பாக நடமாடுகின்றன. அன்பு அதில் நிறையவே உண்டு. ஆனால் திட்டியது தப்பு என்று அது பிள்ளைக்குச் சொல்வதில்லை. தான் மக்குதான் என்று நினைத்துக்கொண்டே அவள் சாப்பிடுவாள்.

அப்புறம், அவள் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று சொன்னாலும் கேளுங்கள். பேசாவிட்டாலும் சரி. "மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்று கேட்டு வாங்க வேண்டாம், வலுக்கட்டாயமாக அணைக்கவும் வேண்டாம்.

கடைசிப் படியைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறோம். நாலு பேர் முன்னால் திட்டியதை, அந்த நாலு பேர் முன்னாலேயே திரும்பப் பெற வேண்டும். கௌரவக் குறைச்சலாகத் தோன்றலாம். போனது அவளுடைய கௌரவம். "மாமாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், அவர்கள் அடுத்து வரும்போது அவள் காதுபட, "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்லுங்கள். அவர்கள் "பிள்ளைகிட்ட போய் இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தால், நீங்கள் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள்.