ஒரு தர்க்க விதியை இயற்கைவாத நோக்கில் சோதிப்பது எப்படி?

தர்க்க விதிகளையும் உலகைப் பற்றிய நம் அறிவோடு சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பதே இங்கே இயற்கைவாதம். ஆனால் "தர்க்கம் சரியா?" என்று மொத்தமாகக் கேட்டால் எங்கும் போய்ச் சேர முடியாது. ஒரே ஒரு விதியை எடுங்கள். பங்கீட்டு விதி நல்ல தொடக்கம் (ப, ம, ர மூன்றும் ஏதேனும் கூற்றுகள்): 'ப உண்மை, கூடவே ம அல்லது ர உண்மை' என்றால், 'ப-வும் ம-வும், அல்லது ப-வும் ர-வும்' உண்மை.

அந்த விதி உலகின் எந்த இயல்பைச் சார்ந்து நிற்கிறது என்று எழுதுங்கள். கல், மேசை போன்றவற்றின் பண்புகள் திட்டவட்டமானவை. அங்கே விதி பிசகாது. எலக்ட்ரானிடம் நிலைமை வேறு. இத்தகைய நுண்துகள்களைப் பற்றிய குவாண்டம் கூற்றுகளை அவற்றின் கணிதப்படி இணைத்தால் இவ்விதி நிற்பதில்லை என்று 1936-இல் கணிதவியலாளர்கள் பிர்காஃபும் வான் நாய்மனும் காட்டினார்கள். ஆகவே தர்க்கத்தையே திருத்தலாம் என்று 1968-இல் தத்துவவாதி பட்னம் வாதிட்டார். அது அவசரம் என்றே தோன்றுகிறது. விதி பொய்த்ததா, "அல்லது" என்ற சொல்லின் பொருள்தான் மாறியதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

பலரும் சறுக்குவது வேறிடத்தில்: மனிதர் யோசிக்கும் விதத்தையே சரியான தர்க்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். உளவியலாளர் வேசன் 1966-இல் வெளியிட்ட சோதனையைத் தமிழ் எழுத்தில் செய்துபாருங்கள். ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண் உள்ள நான்கு அட்டைகள். மேலே தெரிபவை அ, க, 4, 7. விதி: உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண். சரிபார்க்கப் புரட்ட வேண்டியவை அ, 7; ஏனெனில் 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும். பெரும்பாலோர் 7-ஐத் தொடுவதேயில்லை. அதனால் அனுமான விதி பொய்யாகிவிடாது. மனம் எங்கே குறுக்குவழியில் போகிறது என்பதுதான் தெரிகிறது.

சோதனையில் நீங்களே பயன்படுத்திய விதிகளையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். சோதிக்கப்படும் விதியே அந்தப் பட்டியலில் இருந்தால், வாதம் வட்டமடிக்கிறது. அந்தப் படியை வேறு வழியில் எழுதுங்கள்.