தேயிலை மலையைப் பற்றி எழுதப் போகிறீர்களா?

"பச்சைக் கம்பளம் விரித்த மலைகள்" என்று தொடங்காதீர்கள். நுவரெலியாவுக்கு வேன் பிடித்து வந்து போகிறவர்களும் அதைத்தான் எழுதுவார்கள். நீங்கள் தினமும் கடந்து போகிற ஓர் இடத்தை எடுங்கள்: தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, தேயிலை நாற்று வளர்க்கும் தவறணை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் (வடிகால்), எதுவானாலும் சரி. ஒரு வாரம் அங்கே பத்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் மட்டும் கொப்பியில் குறியுங்கள். (மழைக்காலமென்றால் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை சும்மா விடாது.)

என்னைக் கேட்டால், கவ்வாத்து வெட்டிய மலைதான் எழுத நல்ல விஷயம். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையைத் தறித்துவிடுவார்கள். வெறும் குச்சிகள்தான் நிற்கும். பிறகு மெல்லத் துளிர்க்கும். அதைத் தேதி போட்டு எழுதிவந்தால் கதைக்கு வேண்டிய காலவோட்டம் தானாகக் கிடைத்துவிடும். இன்னும் பின்னால் போக விரும்பினால், இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு முன் கோப்பிதான் பெரும் பயிர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அதை அழித்தது.

அப்புறம், உங்களையும் உள்ளே கொண்டுவாருங்கள். "இயற்கையை நேசிக்கிறேன்" என்ற வரியை வெட்டிவிட்டு, அங்கே நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள்: தண்ணீர் பிடித்தது, விறகு பொறுக்கியது, மலையில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது.