பேனருக்கு நடுவே வந்த அப்டேட்

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து தண்ணீர்ப்பந்தல் பேனருக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் மட்டும் நூற்றுப் பத்து. பன்னிரண்டரைக்குக் கண் சொருகியது. ஃபைலைச் சேவ் செய்யாமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திரையைப் போட்டால் பாஸ்வேர்ட் கேட்கிறது. விண்டோஸ் அப்டேட்டுக்காகக் கணினி ராத்திரியே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஃபைலில் மிஞ்சியது பதினேழு பெயர்.

தப்பு என்னுடையதுதான். மூன்று நாளாக ‘ரீஸ்டார்ட் வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அப்டேட்டையே அடியோடு நிறுத்திவிடலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வேண்டாம். 2017 மே மாதம் வன்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்டேட் வரட்டும், ஆனால் நாம் சொல்கிற நேரத்தில் வரட்டும்.

நேரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை பத்து மணிக்கு வெளியாகும். மலேசியாவில் நமக்கு அது புதன் விடியற்காலை ஒரு மணி, அங்கே குளிர்காலமென்றால் இரண்டு மணி. இரண்டாம் புதன் என்று குறித்துவைக்காதீர்கள். மாதம் புதனில் பிறந்தால் கணக்குத் தப்பும். இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் என்று வையுங்கள். நான் அன்று காலை எல்லா ஃபைலையும் பென்டிரைவில் போட்டுவிட்டு, நானே அப்டேட்டை இறக்கி ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் பசியாறப் போய்விடுவேன். ரொட்டி சானாய் சாப்பிட்டு வருவதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

விண்டோஸ் 11இல் மாற்ற வேண்டியவை செட்டிங்ஸில், விண்டோஸ் அப்டேட்டுக்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருக்கின்றன. ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை, ‘ஆட்டோமேட்டிக்’கில் விடாமல் மேனுவலாக்கி உங்கள் வேலை நேரத்தைக் கொடுங்கள். பதினெட்டு மணி நேரம் வரைதான் ஏற்கும். நான் காலை எட்டு முதல் பின்னிரவு இரண்டு வரை வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில் ‘கெட் மீ அப் டு டேட்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் கிடந்தால் வேலை நேரத்திலும் ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் வேண்டுமென்று அறிவிக்கும் பொத்தானை மட்டும் போட்டுவையுங்கள். அவசர வேலை இருக்கும் வாரங்களுக்கு விண்டோஸ் அப்டேட்டின் முதல் பக்கத்திலேயே ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause updates) இருக்கிறது, ஐந்து வாரம் வரை தள்ளலாம். தைப்பூசம், தீபாவளி, கல்யாண சீசன் எல்லாம் எனக்கு அதில்தான் ஓடுகின்றன. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆக்கிவிட்டால் பெரும்பாலான அப்டேட் தானாக இறங்கி டேட்டாவைக் காலியாக்காது.

அடுத்தது பலரும் யோசிக்காத ஒன்று. போன வருஷம் கீழ்வீட்டுப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, நீலத் திரை வந்திருச்சு, ஏதோ கீ கேக்குது, நாளைக்கு அசைன்மென்ட் அனுப்பணும்.” அது டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரிகவரி கீ, நாற்பத்தெட்டு இலக்கம். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும்; சில சமயம் அப்டேட்டுக்குப் பிறகு சாவி கேட்கும். “பயப்படாதேம்மா, உன் போனை எடு” என்றேன். அவளுடைய கணக்கில் டிவைசஸ் பகுதிக்குள் அந்தச் சாவி இருந்தது. ஆறாறு இலக்கமாக அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். பாஸ்வேர்டே மறந்துபோயிருந்தால் என்ன செய்திருப்போமோ. இன்றைக்கே அந்தச் சாவியைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள், கணினிப் பையில் வேண்டாம்.

அப்டேட் போட்ட பிறகு ஏதாவது கெட்டால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அப்டேட் ஹிஸ்டரி, அதற்கும் கீழே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இருக்கும் கேபி (KB) எண்ணையும் தேதியையும் பார்த்துக் கடைசியாக வந்ததை நீக்குங்கள். நீக்கியதும் பாஸ் செய்யவில்லையென்றால் அதுவே திரும்ப வந்து உட்காரும்.

கணினி திறக்கவே இல்லையென்றால், முதலில் பொறுமை. புள்ளிகள் சுற்றிக்கொண்டு சதவீதம் ஏறுகிறதென்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று தரம் இப்படித் தொடக்கத்திலேயே அணைத்தால் பழுதுநீக்கும் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய் ‘குவாலிட்டி அப்டேட்’டை, அதாவது மாதாமாதம் வருவதை, நீக்குங்கள். இங்கேயும் அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தைக் கேட்கக்கூடும்.

பிரிண்டர் மட்டும் பேசாமல் போனால் இவ்வளவு தூரம் போகவேண்டாம். செட்டிங்ஸில் அதை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். என் பழைய பிரிண்டருக்கு டிரைவரையும் புதிதாகப் போடவேண்டியிருந்தது. அதற்காகவே பென்டிரைவில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.