புது ஏரியாவுக்குக் குடிபோனீங்களா? முதல்ல ஒரு சொம்பு கேளுங்க

2022 ஜூன்ல மேற்கு மாம்பலத்துலேர்ந்து விம்கோ நகருக்குக் குடிவந்தோம். வீட்டுக்காரருக்கு மணலியில வேலை, எனக்குப் பாரிமுனையில. "வட சென்னைக்கா போறீங்க?"ன்னு சொந்தக்காரங்க துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டாங்க. அந்தக் கேள்வியை நானும் கொஞ்சம் மனசுல சுமந்துக்கிட்டுத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதனாலயோ என்னவோ, முதல் ரெண்டு மாசம் தெருவுல ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது.

எல்லாரும் சொல்ற யோசனையைத்தான் நானும் செஞ்சேன். பால் காய்ச்சின அன்னிக்கு அக்கம்பக்கத்துக்கு லட்டு குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க, சிரிச்சாங்க, கதவு மூடிருச்சு. குடுக்கிறவங்களைப் பார்த்தா மனுஷங்க கொஞ்சம் தள்ளித்தான் நிப்பாங்க. கேக்கிறவங்ககிட்ட அந்தத் தயக்கம் இருக்காது. இதை எனக்குப் புரியவெச்சது அடிபம்பு.

எங்க மூணு போர்ஷனுக்கும் மெட்ரோ தண்ணி வாசல் அடிபம்புலதான். விடியக்காலை அஞ்சரை மணிக்குக் குடத்தை வெச்சு அடிக்கிறேன், அடிக்கிறேன், கறக் கறக்குன்னு காத்துதான் வருது. எதிர் வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோட நின்னு பார்த்துட்டு, "இன்னாமா, வெறும் பம்பைப் போட்டு அடிக்கிற? மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு அடி. வாஷர் நனைஞ்சாதான் இழுக்கும்"ன்னாங்க. என்கிட்ட ஊத்தவும் தண்ணி இல்ல. "ஒரு சொம்பு தர்றீங்களா அக்கா?"ன்னேன். அவ்வளவுதான். தண்ணி எத்தனை மணிக்கு நிக்கும், எந்தக் கடையில வாஷர் கிடைக்கும், குப்பை வண்டி எந்த முனையில நிக்கும், எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.

அதனால சின்னதா ஏதாவது கேளுங்க. ஒரு கொத்து கறிவேப்பிலை, ஏணி, நல்ல தையக்காரர் யாருங்கிற விவரம். பணம் மட்டும் வேண்டாம். பாத்திரத்துல வாங்கினா வெறும் பாத்திரமாத் திருப்பாதீங்க, ரெண்டு வாழைக்காயாவது போட்டுக் குடுங்க. அப்போ அவங்க பாத்திரம் உங்க வீட்டுக்கு வரும். அந்தப் போக்குவரத்து நிக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஆடி மாசம் கூழ் ஊத்த வசூலுக்கு வருவாங்க. நான் முதல் வருஷம் இருநூறு ரூபாயை நீட்டிட்டு உள்ளே போயிட்டேன். அடுத்த வருஷம், "எத்தனை மணிக்கு வெங்காயம் உரிக்க வரணும்?"னு கேட்டேன். நோட்டுப் புத்தகத்தோட வந்த பையன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். சனிக்கிழமை ராத்திரி சாக்கு விரிச்சு ஏழெட்டுப் பேர் சின்ன வெங்காயம் உரிச்சோம். பக்கத்துல அண்டாவுல நொய் வெந்துக்கிட்டு இருக்கு, புளிச்ச கேழ்வரகு மாவைக் கரைச்சு ஊத்தித் துடுப்பால ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கிண்டறாங்க. கண்ணு எரிய எரியத்தான் யார் மகளுக்கு வரன் பார்க்கிறாங்க, யாருக்கு மாமியார் சரியில்லைங்கிறதெல்லாம் வெளிய வரும். (ஸ்பீக்கர் சத்தத்தைப் பத்திக் கேக்காதீங்க. அதுல எனக்கு இன்னும் சமாதானம் ஆகல.)

லோக்கல் ட்ரெயின்ல போறவங்க தினமும் ஒரே வண்டி, ஒரே லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஏறுங்க. மெட்ரோ வசதிதான், ஆனா அதுல எல்லாரும் போனைத்தான் பார்ப்பாங்க. கும்மிடிப்பூண்டி வண்டியில பூ கட்டிக்கிட்டே பேசுவாங்க. முதல் வாரம் ஜன்னல் சீட்டுல மட்டும் உக்காந்துடாதீங்க, அது பொன்னேரி அக்காவோடது. பௌர்ணமிக்கு மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடை அம்மன்னு மூணு கோயிலுக்கும் ஒரே நாள்ல போறதுக்கு வேன் பேசுவாங்க. என்னை அப்படித்தான் சேர்த்துக்கிட்டாங்க.

காகித வேலையையும் தள்ளிப் போடாதீங்க. ஓட்டர் லிஸ்ட்ல முகவரி மாத்த படிவம் 8. தெருவிளக்கு எரியலைன்னா மாநகராட்சிக்கு 1913. போன் பண்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல "உங்களுக்கும் எரியலையா?"ன்னு கேட்டுக்கோங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல கரண்ட் போய், பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைஞ்சப்போ, எதிர் வீட்டு அக்கா அரை லிட்டரை சொம்புல ஊத்திக் கொண்டு வந்தாங்க. அதே சொம்புதான்.

"எங்க மாம்பலத்துல"ன்னு ஆரம்பிக்கிற பேச்சை முதல் ஆறு மாசம் அடக்கி வைங்க. எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. நல்லாப் பழகினதும் யாராவது சீட்டுல சேரச் சொல்வாங்க. முதல் வருஷம் வேண்டாம். மூஞ்சிக்கு நேரா மறுத்தா கசப்பாகும், "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் மூணு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.